ஏ.எஸ்.டபிள்யூ 12: பிரேக் இல்லாத பந்தய கிளைடர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.எஸ்.டபிள்யூ 12 என்றால் என்ன?

எஞ்சின் இல்லாத, ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய பந்தய விமானம். ஜெர்மனியில் வாஸர்குப்பே மலையடிவாரத்தில் போப்பன்ஹவுசன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1927 முதல் இயங்கிவரும் அலெக்சாண்டர் ஷ்லைஷர் தொழிற்சாலையில் இது உருவானது. வடிவமைத்தவர் கெர்ஹார்ட் வைபல். பெயரில் உள்ள ஏ.எஸ். தொழிற்சாலையைக் குறிக்கிறது, டபிள்யூ வைபலைக் குறிக்கிறது.

முதன்முதலில் பறந்தது 1965 டிசம்பர் 31. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 18.3 மீட்டர், இறக்கைப் பரப்பு 13 சதுர மீட்டர். மொத்தம் கட்டியது 15 மட்டும்தான். அந்தப் பதினைந்தை வைத்தே உலகத் தூர சாதனை இரண்டு முறை முறியடிக்கப்பட்டது. ஆனால் உலகச் சாம்பியன் பட்டம் மட்டும் இதற்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. இதன் கதையில் சுவாரசியமான இடமே அதுதான்.

எஞ்சினே இல்லாமல் எப்படிப் பந்தயம் நடக்கும்?

இன்னொரு சிறிய விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துவிடும். கயிற்றைக் கழற்றிய பிறகு கிளைடர் தன் பாட்டில் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டே இருக்கும். வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலெழும் இடங்கள் உண்டு, அவற்றை விமானிகள் ‘தெர்மல்’ என்பார்கள். அதற்குள் வட்டமடித்து உயரம் சேர்க்க வேண்டும். சேர்த்த உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மல் வரை ஓட வேண்டும். இப்படி ஏறுவதும் ஓடுவதுமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகலாம்.

போட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு பாதை கொடுப்பார்கள். குறிப்பிட்ட இடங்களைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும், வேகத்துக்கு மதிப்பெண். பாதியில் உயரம் தீர்ந்துவிட்டால் ஏதாவது வயலில் இறங்கிவிட வேண்டியதுதான், அதுவரை போன தூரத்துக்கு மதிப்பெண் உண்டு. ஒன்றிரண்டு வாரம் இப்படியே போகும், கடைசியில் எல்லா நாளையும் கூட்டிப் பார்ப்பார்கள். வயலில் இறங்குவது என்பது அந்தக் காலப் போட்டிகளில் அன்றாடச் சங்கதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிரேக் விஷயம் வரும்போது தேவைப்படும்.

சறுக்கு விகிதம் 47 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஒரு மீட்டர் உயரம் இழப்பதற்குள் 47 மீட்டர் முன்னே போகும் என்று அர்த்தம். அசையாத காற்றில் 1000 மீட்டர் உயரத்தில் இருந்தால், வேறெந்த உதவியும் இல்லாமல் 47 கிலோமீட்டர் தள்ளி இறங்கலாம். அதே காலத்தில் போலந்தின் ஃபோக்கா போன்ற நல்ல மரக் கிளைடர்களுக்கு 34 அளவில்தான் இருந்தது. ஆகவே 47 என்பது அப்போது சின்ன முன்னேற்றம் இல்லை. அடுத்த தெர்மல் தொலைவில் இருந்தாலும் எட்டிவிடலாம், வழியில் இருக்கும் சோகையான தெர்மல்களை ஒதுக்கிவிட்டு வலுவானதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

இதற்கு முன்னோடி எது?

டி-36. டார்ம்ஸ்டட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ‘அகாஃப்ளீக்’ என்ற மாணவர் பறப்புக் குழு உண்டு. அங்கே மாணவர்கள் தாங்களே கிளைடரை வடிவமைத்து, தாங்களே கட்டி, தாங்களே பறப்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் அந்தக் குழுவில் நான்கு பேர் சேர்ந்தார்கள்: கெர்ஹார்ட் வைபல், வோல்ஃப் லெம்கெ, கிளாவுஸ் ஹோலிக்ஹவுஸ், ஹைகோ ஃப்ரீஸ். அவர்கள் கட்டியதுதான் டி-36. ‘சிர்செ’ என்று செல்லப் பெயர்.

1964 மார்ச்சில் அது பறந்தது. 17.8 மீட்டர் இறக்கை, சறுக்கு விகிதம் 44. அதே வருடம் வைபல் அதை எடுத்துக்கொண்டு ஜெர்மன் தேசியப் போட்டிக்குப் போய் ஜெயித்துவிட்டார். மாணவர்கள் கட்டிய கிளைடர், தொழிற்சாலைக் கிளைடர்களையெல்லாம் பின்னால் தள்ளியது. ஷ்லைஷர் தொழிற்சாலை அதுவரை மரக் கிளைடர்களில் பேர்போனது. அங்கே ருடால்ஃப் கைசர் வடிவமைத்த கா 6-இல் ஹைன்ஸ் ஹூத் 1960-லும் 1963-லும் ஸ்டாண்டர்ட் பிரிவில் (15 மீட்டர் இறக்கைக் கிளைடர்களுக்கான பிரிவு) உலகப் பட்டம் வென்றிருந்தார். கண்ணாடி இழை என்ற புதிய பொருளின் காலம் வருவதைப் பார்த்த அந்த நிறுவனம், படிப்பை முடித்த வைபலை வேலைக்கு எடுத்துக்கொண்டது. டி-36-ஐ இன்னும் கொஞ்சம் நீட்டி, மெருகேற்றி அவர் கொடுத்ததுதான் ஏ.எஸ்.டபிள்யூ 12.

மரத்தை விட்டுக் கண்ணாடி இழைக்கு ஏன் மாறினார்கள்?

எடை குறைப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அது இல்லை, வழவழப்புதான்.

இறக்கையின் மேல் ஓடும் காற்று, முன்விளிம்பிலிருந்து கொஞ்ச தூரம் அடுக்கடுக்காக அமைதியாகப் போகும். அப்புறம் கலங்கிச் சுழலத் தொடங்கும். கலங்கிய காற்று கிளைடரை அதிகமாகப் பிடித்து இழுக்கும். அமைதியான ஓட்டத்தை எவ்வளவு தூரம் நீட்டிக்க முடிகிறதோ அவ்வளவு லாபம். ஸ்டுட்கார்ட்டில் பேராசிரியர் ஃபிரான்ஸ் சேவியர் வோர்ட்மன் இதற்கென்றே இறக்கைக் குறுக்குவெட்டு வடிவங்களை வகுத்துத் தந்துகொண்டிருந்தார். டி-36-க்கும் ஏ.எஸ்.டபிள்யூ 12-க்கும் அடிப்படை அவருடைய எஃப்.எக்ஸ் 62-கே-131 என்ற வடிவம். பின்விளிம்பில் ஃபிளாப், அதாவது மேலும் கீழும் அசைக்கக்கூடிய பட்டை, இருக்கும் இறக்கைக்காகவே வரையப்பட்டது அது. வேகமாக ஓடும்போது ஃபிளாப்பைக் கொஞ்சம் மேலே தூக்கலாம், தெர்மலில் மெதுவாகச் சுற்றும்போது கீழே இறக்கலாம். ஒரே இறக்கை இரண்டு வேலைக்கும் ஒத்துப்போகும்.

சிக்கல் என்னவென்றால், அப்படிப்பட்ட வடிவம் காகிதத்தில் இருப்பதுபோலவே இறக்கையிலும் இருக்க வேண்டும். மெல்லிய ஒட்டுப்பலகை ஈரத்துக்கும் வெயிலுக்கும் அலை அலையாக நெளியும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேடு பள்ளமே காற்றைக் கலக்கப் போதும். கண்ணாடி இழையை அச்சுக்குள் படியவைத்துப் பிசின் ஊற்றி எடுத்தால், அச்சு எப்படியோ இறக்கையும் அப்படியே வரும். இரண்டு மெல்லிய கண்ணாடி இழைத் தோல்களுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டினால் அந்தத் தோல் சுமையிலும் நெளியாது.

இந்த வழியை முதலில் திறந்தது டார்ம்ஸ்டட் குழு இல்லை. 1957 நவம்பரில் ஸ்டுட்கார்ட்டில் பறந்த எஃப்.எஸ் 24 ஃபீனிக்ஸ்தான் உலகின் முதல் கண்ணாடி இழைக் கிளைடர். ரிச்சர்ட் எப்லரும் ஹெர்மன் நேகெலேயும் அதன் பின்னால் இருந்தவர்கள். அந்தப் பொருளை நீண்ட இறக்கை, ஃபிளாப், பந்தய வேகம் என்று கடைசி வரை கொண்டுபோனவர்கள் என்றால் டி-36 கோஷ்டியைத்தான் சொல்ல வேண்டும்.

இறக்கை ஏன் அவ்வளவு நீளமாக, குறுகலாக இருக்கிறது?

இறக்கைக்கு அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. முனையில் அடிக்காற்று சுற்றிக்கொண்டு மேலே போகப் பார்க்கும், அந்தச் சுழலில் ஆற்றல் வீணாகும். முனையை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஏ.எஸ்.டபிள்யூ 12-இல் இறக்கை நீளம் சராசரி அகலத்தைப் போல கிட்டத்தட்ட 26 மடங்கு. மெதுவாகப் பறக்கும்போது, குறிப்பாகத் தெர்மலில் சுற்றும்போது, இதன் பலன் நன்றாகத் தெரியும். மற்றதெல்லாம் அதே சிந்தனைதான்: விமானி சாய்ந்து படுத்த மாதிரி உட்காருவதால் உடல்பகுதி ஒல்லி, சக்கரம் உள்ளே மடங்கிவிடும், வால் ‘டி’ எழுத்து வடிவம்.

பிரேக் இல்லை என்பது உண்மையா?

உண்மைதான். சக்கரத்தில் இருக்கும் பிரேக்கைச் சொல்லவில்லை. கிளைடரில் ஏர்பிரேக் என்று ஒன்று இருக்கும். விமானி நெம்புகோலை இழுத்தால் இறக்கையின் மேலிருந்து தகடு எழும்பி நிற்கும். அது காற்றை மறித்து, தூக்குவிசையையும் கெடுத்து, கிளைடரைச் செங்குத்தாக இறங்கவைக்கும். தேவையான அளவு இழுக்கலாம், அதிகமாகிவிட்டால் திரும்ப உள்ளே தள்ளலாம். கார் ஓட்டுபவருக்கு ஆக்சிலரேட்டர் எப்படியோ அப்படி, இறங்கும் கிளைடர் விமானிக்கு இந்த நெம்புகோல்.

வைபல் அதை எடுத்தேவிட்டார். ஏர்பிரேக் வைக்க வேண்டுமென்றால் அவ்வளவு பாடுபட்டு வழவழப்பாக்கிய இறக்கையில் வெட்டுப்போட்டுப் பெட்டி இறக்க வேண்டும். இடுக்கில் காற்றுக் கசியும், ஓட்டம் கலங்கும், எடையும் கூடும். ஸ்டாண்டர்ட் பிரிவு என்றால் 15 மீட்டர் இறக்கை, ஏர்பிரேக் கட்டாயம் என்று விதி இருந்தது. ஓப்பன் பிரிவில் அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. அந்தச் சுதந்திரத்தை ஏ.எஸ்.டபிள்யூ 12 அளவுக்குப் பயன்படுத்திக்கொண்ட கிளைடர் அபூர்வம். ஃபிளாப்பும் வாலில் மடித்து வைத்த ஒரு பாராசூட்டும் போதும் என்று முடிவெடுத்தார்கள்.

என்னைக் கேட்டால் இது பொறியாளர் மனசு எடுத்த முடிவு, விமானி மனசு எடுத்ததில்லை. வைபல் இரண்டுமாக இருந்தவர் என்பதுதான் வேடிக்கை.

பாராசூட்டை வைத்து எப்படி இறங்குவது?

முதலில் பிரச்சினையின் அளவைப் பார்க்கலாம். சறுக்கு விகிதம் 47 உள்ள கிளைடர் வயலின் ஓரத்தை வெறும் பத்து மீட்டர் உயரம் அதிகமாகக் கடந்துவிட்டது என்று வையுங்கள். கணக்குப்படி அந்தப் பத்து மீட்டரைத் தொலைக்க 470 மீட்டர் தேவை. தரையை நெருங்கியதும் முனைச் சுழல் அடங்கி இழுவை இன்னும் குறையும், ஆக அது மிதந்துகொண்டே போகும். ஃபிளாப்பை இறக்கினால் கொஞ்சம் கட்டுப்படும், ஆனால் ஃபிளாப் தூக்குவிசையையும் சேர்த்தே கொடுக்கும். நடுத்தரமான ஒரு கோதுமை வயலில் இது ஆபத்தான விளையாட்டு.

அதனால் கடைசிக் கட்டத்தில் பாராசூட்டைத் திறப்பார்கள். அது நன்றாகவே இழுக்கும், இறங்கும் கோணம் செங்குத்தாகிவிடும். ஆனால் அளவு வைத்துத் திறக்க முடியாது. திறந்தால் முழுக்கத் திறந்ததுதான். சீக்கிரம் திறந்துவிட்டால் வயலுக்கு முன்னாலேயே இறங்கிவிடும் அபாயம், தாமதித்தால் வயலைத் தாண்டிவிடும் அபாயம். திறந்த பிறகு தப்புக் கணக்கு என்று தெரிந்தால் கழற்றிவிடலாம். ஆனால் கழற்றிவிட்ட பிறகு கையில் வேறொன்றும் மிச்சமில்லை, மறுபடியும் அந்த 47-தான். பாராசூட் ஈரமாகி ஒட்டிக்கொண்டு விரியாமல் போனாலும் அதே கதி.

கரணம் தப்பினால் மரணம் என்று சொல்லும் அளவுக்குப் போக வேண்டாம், திறமைசாலிகள் இதை எத்தனையோ முறை வயலில் இறக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். பிரேக் உள்ள கிளைடரில் இருப்பவர் இன்னொரு தெர்மல் கிடைக்குமா என்று கடைசி சில நூறு மீட்டர் வரை தேடிக்கொண்டிருக்கலாம். இதில் இருப்பவர் முன்கூட்டியே பெரிய வயலாகப் பார்த்து முடிவுசெய்தாக வேண்டும். காற்றில் சேமித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது.

டி-36 உலகப் போட்டியில் என்ன செய்தது?

1965-இல் இங்கிலாந்தின் சவுத் செர்னியில் ரோல்ஃப் ஷ்பேனிக் அதை ஓட்டி ஓப்பன் பிரிவில் இரண்டாவதாக வந்தார். முதலிடம் போலந்தின் யான் வ்ருப்லெவ்ஸ்கிக்கு. அவர் ஓட்டியது ஃபோக்கா 4: மரத்தால் ஆன, 15 மீட்டர் இறக்கையுள்ள, ஸ்டாண்டர்ட் பிரிவுக்காகக் கட்டிய கிளைடர்! நீள வரம்பே இல்லாத பிரிவில் அது வந்து ஜெயித்தது. சறுக்கு விகிதத்தில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தும்.

அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. அதே வ்ருப்லெவ்ஸ்கி 1972-இல் வேறொரு கிளைடரில் ஸ்டாண்டர்ட் பிரிவிலும் உலகச் சாம்பியன் ஆனார். தெர்மலைக் கண்டுபிடிப்பதும், அதன் நடுவைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுவதும், எப்போது கிளம்புவது என்று தெரிவதும் விமானியின் கையில் இருக்கிறது. கிளைடர் நல்லதாக இருந்தால் அவருக்கு அது உதவும், அவ்வளவுதான்.

1970-இல் மார்ஃபாவில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் மார்ஃபா. வறண்ட மேட்டுநிலம், கோடையில் தெர்மல் உயரமாகவும் வலுவாகவும் எழும். ஏ.எஸ்.டபிள்யூ 12-க்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. ஜெர்மனியின் ஹான்ஸ்-வெர்னர் க்ரோஸ ஒன்றில் வந்தார், ஃபிரான்ஸின் மிஷெல் மெர்சியே இன்னொன்றில். முடிவில் க்ரோஸ இரண்டாவது, மெர்சியே மூன்றாவது.

முதலிடம் அமெரிக்காவின் ஜார்ஜ் மொஃபட்டுக்கு. அவர் ஓட்டியது நிம்பஸ் என்ற புத்தம்புதிய கிளைடர், 22 மீட்டர் இறக்கை. வடிவமைத்தவர் யார்? டி-36 கட்டிய நால்வரில் ஒருவரான ஹோலிக்ஹவுஸ். அவர் ஷெம்ப்-ஹிர்த் நிறுவனத்துக்குப் போயிருந்தார். அவருடைய சிர்ருஸில்தான் 1968-இல் போலந்தின் லெஷ்னோவில் ஆஸ்திரியாவின் ஹரோ வோடல் ஓப்பன் பட்டம் வென்றிருந்தார். அந்த சிர்ருஸில் ஃபிளாப் கூடக் கிடையாது.

மார்ஃபாவின் ஸ்டாண்டர்ட் பிரிவு? ஹெல்முட் ரைஷ்மன், எல்.எஸ் 1 கிளைடரில். அதை வடிவமைத்தவர் லெம்கெ, அவரும் டி-36 நால்வரில் ஒருவர். மாணவர் பட்டறையில் ஒன்றாகப் பிசின் கலக்கியவர்கள் ஆறு வருடம் கழித்து உலகப் போட்டியின் மேல் வரிசையைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டார்கள். இதில் பட்டம் இல்லாமல் திரும்பியது வைபலின் கிளைடர் மட்டும்.

அப்படியானால் இது தோல்வியடைந்த கிளைடரா?

போட்டிப் பட்டியலை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். தூரப் பறப்பில் கதையே வேறு.

1964-இல் டெக்ஸஸில் ஆல் பார்க்கர் சிசு என்ற அமெரிக்கக் கிளைடரில் 1041 கி.மீ. பறந்து, ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். மார்ஃபா போட்டி முடிந்த அதே மாதம், 1970 ஜூலை 26, வாலி ஸ்காட், பென் கிரீன் இருவரும் ஆளுக்கொரு ஏ.எஸ்.டபிள்யூ 12-இல் டெக்ஸஸின் ஒடெஸாவிலிருந்து கிளம்பினார்கள். வடக்கே நெப்ராஸ்காவின் கொலம்பஸில் இருவரும் இறங்கினார்கள்: சுமார் 1154 கி.மீ. உலக சாதனை இருவர் பெயரிலும் பதிவானது. இப்படிப் பகிர்ந்துகொள்ளும் பெருந்தன்மை பந்தயக்காரர்களிடம் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை.

க்ரோஸ பறந்த 1460 கி.மீ. பறப்பு எது?

1972 ஏப்ரல் 25. வட ஜெர்மனியின் லூபெக்கில் கிளம்பி, தென்மேற்காகப் பறந்து, ஃபிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பியாரிட்ஸில் இறங்கினார். 1460.8 கி.மீ., ஒரே பகலில்.

லூபெக் பால்டிக் கடலோரம் இருக்கிறது, அன்றைய கிழக்கு ஜெர்மனியின் எல்லையை ஒட்டி. கிழக்கே போக வழியில்லை, வடக்கே கடல். ஆகவே வடகிழக்குக் காற்று வீசும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். குளிர்ந்த காற்று பரவி, வானம் தெளிந்து, வெயில் தரையைச் சுட்டால் தெர்மல் காலையிலேயே தொடங்கும், முதுகில் காற்றும் தள்ளும். வசந்த காலத்தில் அப்படிப்பட்ட நாள் அமைந்தது. ஆனால் தெர்மலும் காற்றும் நாள் முழுவதும், மூன்று நான்கு வகை நிலப்பரப்பைத் தாண்டி, தொடர்ந்து கைகொடுக்காது. ஓய்ந்துபோன இடங்களைக் கடக்கும்போதுதான் அந்த 47-க்கு மதிப்பு. கடைசியில் அவர் எதிரே கடல் வந்துவிட்டது.

நேர்க்கோட்டுத் தூரத்தில் அந்த சாதனை பல பத்தாண்டுகள் நின்றது. க்ரோஸ இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையில் இருந்தவர். பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயும் சாதனைகளை அடுக்கினார், முதுமையிலும் பறப்பதை விடவில்லை.

பட்டம் கிடைக்காமல் போனதற்கு பிரேக் இல்லாததுதான் காரணமா?

அது மட்டுமே காரணம் என்றால் மிகை. மார்ஃபாவில் தோற்றது 22 மீட்டர் இறக்கையிடம், மிகச் சிறந்த விமானியிடம். ஆனால் தூர சாதனைக்கும் போட்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாதனை விமானி தனக்கு ஏற்ற நாளைத் தேர்ந்தெடுக்கிறார், ஒரு முறைதான் இறங்குகிறார். போட்டி விமானிக்குக் கிடைத்த நாள்தான் நாள். பலவீனமான தெர்மல், தெரியாத வயல், அடுத்த நாள் மறுபடி அதே. ஏ.எஸ்.டபிள்யூ 12 முதல் வேலைக்குப் பொருந்திய கிளைடர்.

ஷ்லைஷரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 1971-இல் வந்த ஏ.எஸ்.டபிள்யூ 17-இல் இறக்கை 20 மீட்டர் ஆனது, ஏர்பிரேக்கும் வந்தது. வடிவமைத்தவர் அதே வைபல். அதில் பிரிட்டனின் ஜார்ஜ் லீ 1976-இல் ஃபின்லாந்திலும் 1978-இல் ஃபிரான்ஸிலும் ஓப்பன் பிரிவு உலகச் சாம்பியன் ஆனார்.

டி-36 நண்பர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

லெம்கெ எல்.எஸ் வரிசையைத் தொடர்ந்தார், அதில் எல்.எஸ் 4 உலகெங்கும் கிளப்புகளில் பறந்தது. ஹோலிக்ஹவுஸ் ஷெம்ப்-ஹிர்த்தின் உரிமையாளராகவே ஆகி நிம்பஸ், வென்டஸ், டிஸ்கஸ் என்று கொடுத்தார். 1994-இல் ஆல்ப்ஸ் மலையில் கிளைடர் விபத்தில் இறந்துபோனார். வைபல் ஷ்லைஷரிலேயே இருந்தார். ஏ.எஸ்.டபிள்யூ 20, 22, 24, 27 எல்லாம் அவருடையவை. 24-இல் விபத்து நேர்ந்தால் விமானியின் கால்களும் முதுகும் தப்பிக்கும்படி காக்பிட்டை வடிவமைப்பதில் தனிக் கவனம் செலுத்தினார்.

இன்றைய கிளைடர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கும்?

அளவில் இன்று இதற்குச் சமம் 18 மீட்டர் பிரிவு. அதே தொழிற்சாலையின் ஏ.எஸ்.ஜி 29 அந்த நீளத்தில் சறுக்கு விகிதம் 52 அளவு எடுக்கிறது, ஏர்பிரேக்கோடு. காகிதத்தில் ஐந்து புள்ளிதான் வித்தியாசம். ஆனால் உண்மையான இடைவெளி அதிவேகத்தில்தான் இருக்கிறது. கார்பன் இழை வந்த பிறகு இறக்கை மெலிந்தும் விறைப்பாகவும் ஆனது, எடை கூடினால் வேகமாகச் சறுக்கலாம் என்பதால் தண்ணீர் நிரப்பி 600 கிலோ வரை எடையேற்றிக்கொண்டு ஓட முடிகிறது. ஏ.எஸ்.டபிள்யூ 12-இன் உச்சபட்ச எடை 430 கிலோ. மணிக்கு 150 கி.மீ.-க்கு மேல் போனால் பழையது சட்டென்று உயரம் இழக்கும், புதியது அவ்வளவாக இழக்காது. இன்னொரு பக்கம், நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் போனால் 30.9 மீட்டர் இறக்கையுள்ள ஈட்டா இருக்கிறது. 2000-இல் பறந்த அதன் சறுக்கு விகிதம் 70-ஐ ஒட்டி வருகிறது. அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் க்ரோஸவும் ஒருவர்.